அறுநூற்றுப் பன்னிரண்டு காலடியில் மகள் வீடு

1955 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. மணமேல்குடியில் காலை ஆறு பத்துக்குப் புறப்பட வேண்டிய பஸ், ஆறு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டது. அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்கு ஏறக்குறைய முப்பத்தேழு மைல்; டிக்கெட் ஒரு ரூபாய் மூன்றணா. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, ஒரு குடை ஆகிய மூன்றும் என்னோடு வந்தன. கூரை மேல் ஏற்றிய பெட்டி விழுந்துவிடுமோ என்ற கவலையில் முதல் பத்து மைல் வெளியே எதையும் பார்க்கவில்லை.

எனக்கு வயது அறுபத்தேழு. சர்வே ஆபீசில் சங்கிலியும் கொடியுமாகக் காடுமேடு அளந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் சாரதாவைப் புதுக்கோட்டையில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை கோர்ட்டில் குமாஸ்தா. கல்யாணமான புதிதில் அவள் கடிதங்கள் இருபது வரிக்குக் குறையாது. போன வருஷம் பதினொன்றாயின. பங்குனியில் வந்த கார்டில் நான்கே வரி, அதில் இரண்டு என் உடம்பைப் பற்றி. அவள் எப்படி இருக்கிறாள் என்று அதில் ஒரு சொல் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

அவள் வீட்டில் தங்கலாமே என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்வரை, பெற்றவர்கள் அவள் புகுந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீர்கூடக் கிடையாது. சாரதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் குழந்தை இல்லை. இதுவரை ஐந்து முறை போய், கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டு, அன்றைக்கே பஸ் ஏறியிருக்கிறேன். அரைமணி நேரத்தில் யார் மனசு தெரியும்? அதனால் இம்முறை அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நாள் வாடகைக்கு ஒரு மாடி பிடித்தேன்.

அறந்தாங்கி தாண்டியதும் கடற்காற்று நின்றது. செம்மண் தொடங்கியது. வற்றிய கண்மாய்களும் பனைகளும் வெயிலில் மிதந்து மிதந்து போயின. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாமல் இருக்கையில் புதுக்கோட்டை வந்துவிட்டது. மணி ஒன்பது ஐம்பது.

குதிரை வண்டிக்காரர் முகவரியைக் கேட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா மாடியா? இங்கிட்டு ஏறுங்க. கோர்ட்டுல கேசா, ஒடம்புக்கு முடியலையா?"

"ரெண்டும் இல்லை. மகளைப் பார்க்க."

"மக ஊர்ல இல்லையா?"

"இருக்கா. டீச்சர் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி."

அவர் குதிரையைப் பார்த்து, "கேட்டுக்க" என்றார். 

ஊரின் நெரிசல் முடிந்து தோட்டங்கள் தொடங்கும் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வீடு. சமஸ்தான காலத்து அதிகாரி ஒருவர் கட்டியதாம். இப்போது ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த மரியம்மா டீச்சருடையது. கீழே அவர் குடியிருக்கிறார். மாடியை வந்து போகிறவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு விடுகிறார். பத்தொன்பது படி. மேலே ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மூன்று பக்கமும் வராந்தா. சுற்றிலும் வேம்பு ஐந்து, மா இரண்டு, நாகலிங்கம் ஒன்று. வேம்பு பூத்திருந்தது. காற்று அசையாதபோதும் பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. படுக்கையை விரித்துவிட்டுத் திரும்பினால் அதன்மேல் ஒரு வெள்ளைப் பொடி. பச்சை வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கியது. ஏதோ ஒரு குளத்துக்கு அடியில் குடிவந்ததுபோல் இருந்தது.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குச் சாரதா வந்தாள். கையில் ஒரு முறம் கீரை.

"சமைச்சுத் தரேம்பா. ஓட்டல் சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துக்காது."

கீரையை ஆய உட்கார்ந்தவள், தூணில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். இரண்டு பத்துக்குத் தூங்கியவள் நாலு இருபத்தைந்துக்குத்தான் விழித்தாள். அதற்குள் அவள் தலையிலும் கீரையிலும் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது.

"ஐயையோ, எழுப்பக் கூடாதா?"

"ராத்திரியெல்லாம் தூங்குறது இல்லையா?"

"தூங்குறேனே" என்று சொல்லிவிட்டுக் கீரையோடு சமையல் மூலைக்கு எழுந்து போனாள்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. இரண்டு மணிக்கு வருவாள், நாலு வார்த்தை பேசுவாள், தூங்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். மாமியார் கொடுமையா, மாப்பிள்ளை முகம் கொடுப்பதில்லையா, உடம்பில் ஏதாவதா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். 

வியாழக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு குடுமியான்மலைக்குப் போனேன். பன்னிரண்டு மைல், ஆளுக்கு ஆறணா. காலை எட்டரைக்கு இறங்கினோம். கோயிலில் எங்களைத் தவிர யாருமில்லை. பாறையில் வரிவரியாகப் பழைய எழுத்தில் இசைக் குறிப்பு வெட்டியிருக்கிறது. எனக்கு ஓர் எழுத்தும் படிக்க வரவில்லை. சாரதா சின்ன வயதில் பாட்டுப் படித்தவள். ஒரு விரலை எழுத்தின்மேல் ஓட்டிக்கொண்டு, ஏதோ ஒரு ராகத்தை மெல்ல முனகினாள். அதை எப்போதோ எங்கேயோ கேட்டிருக்கிறேன். கல் சில்லென்று இருந்தது. அவள் குரல் பாறைக்குள் போய் நேரம் கழித்துத் திரும்பி வருவதுபோல் ஒரு மயக்கம். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிவிட்டேன்.

பிறகு நிழலில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து கூஜாவை எடுத்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாய்க்குக் கொண்டுபோன பிறகுதான் சந்தேகம் வந்தது.

"இது டீச்சர் வீட்டுத் தண்ணியா, ஒன் வீட்டுத் தண்ணியா?"

"எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி."

தம்ளரைப் பாறைமேல் வைத்தேன். "தாகம் இல்லை, அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

அவள் அதை எடுத்துப் பாறையில் கொட்டினாள். கோபமாகக்கூட இல்லை, மிச்சத்தைக் கொட்டுவதுபோலத்தான் கொட்டினாள். ஈரம் காய்கிறவரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க அத்தை என்னை ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. அவுகளும் சொன்னதில்ல. பக்கத்து வீட்டுல முதுகுக்குப் பின்னாடி பேசுறாக, அது கெடக்கட்டும். மொகத்துக்கு நேர சொல்றது நீங்க ஒருத்தர்தான்."

"நான் என்னம்மா சொன்னேன்?"

"தண்ணி வேணாம்னு சொல்றீங்கள்ல, ஒவ்வொரு தடவையும். ஒனக்கு இன்னும் பிள்ளை இல்லைன்னு அதுக்கு அர்த்தம். ஆறு வருசமா வந்து வந்து சொல்லிட்டுப் போறீங்க. இப்ப மாடி புடிச்சு ஒக்காந்து சொல்றீங்க. இதுல எனக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும், கடுதாசியில நான் என்னத்த எழுத?"

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மைல் கற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவளை மரியாதையாக நடத்துவதாக நினைத்துத்தான் அத்தனை முறையும் பசியோடு எழுந்து போனேன். 

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குச் சாரதா வரவில்லை. இரண்டரைக்கும் வரவில்லை. வராந்தாவில் அவள் சாயும் தூணடியில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் குயர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்கய்யா, மக இன்னைக்கி வரல?"

நடந்ததைச் சொன்னேன். வழக்கத்தையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"அஞ்சு நாளா எங்க வீட்டுக் கெணத்துல எறைச்சுக் குடிக்கிறீங்க. நான் ஒங்களுக்கு யாரு?"

"நீங்க வீட்டுக்காரம்மா."

"நல்லாச் சொன்னீங்க போங்க. வாடகை குடுத்தாத்தான் ஒங்களுக்குத் தண்ணி எறங்கும்போல. மகக்கிட்டயும் ஒரு வாடகையப் பேசிக்கிறதுதானே!" சொல்லிவிட்டு மறுபடி நோட்டைப் பிரித்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கேட்டிலிருந்து சாரதா வீட்டு வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. வெயில் இலைகளுக்குள்ளிருந்து காசு காசாக விழுந்தது. நடப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம். மணி மூன்று ஐந்து.

சம்பந்தியம்மாள் கூடத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி. சாரதா, அப்பா வந்திருக்காக பாரு."

சாரதா சமையலறை நிலையில் வந்து நின்றாள். வாங்க என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"பசிக்குதும்மா" என்றேன். "சோறு இருந்தா போடு."

சம்பந்தியம்மாள் கையிலிருந்த புளியை அப்படியே வைத்துவிட்டார். "என்ன சம்பந்தி சொல்றீங்க? ஒங்க வழக்கம் என்னாச்சு?"

"நேத்து மலையில விட்டுட்டு வந்துட்டேன்."

சாரதா அழுகிற குரலில், "மூணு மணிக்கா வருவீக? சோத்துல தண்ணி ஊத்திட்டேனே!" என்றாள்.

"ஊத்தினா என்ன? அதையே போடு."

"அய்யோ, வேணாம் வேணாம்" என்று சம்பந்தியம்மாள் எழுந்தார். "ஆறு வருசம் கழிச்சு மொத மொதல்ல கை நனைக்கிற மனுசனுக்கு நீத்தண்ணிச் சோறா? ஊர் சிரிக்கும். ஒரு நாழி பொறுங்க, ஒலை வைக்கிறேன்."

"ஒலை கொதிக்கிறதுக்குள்ள எனக்கு மனசு மாறிட்டா?"

சாரதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். இந்தப் பயணத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. உள்ளே போய் இலை கொண்டுவந்தாள். தண்ணீர்ச் சோறு இலையில் நிற்காது என்று சம்பந்தியம்மாள் அதட்டவும், வெண்கலக் கும்பாவோடு திரும்பினாள். மோரும் மாவடுவும் வந்தன. குனிந்து சாப்பிட்டேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து, உப்பு போதுமா, இன்னொரு மாவடு வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கும்பாவில் மிச்சமிருந்த நீராகாரத்தை எடுத்துக் குடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் டீச்சரிடம் சாவியைக் கொடுத்தேன். சாயங்காலம்வரை சாரதா வீட்டுக் கூடத்தில் இருந்தேன். சம்பந்தியம்மாள் விட்ட குறை தீர ஏழு வகைக் கறியோடு விருந்து வைத்தார். மாப்பிள்ளை வற்புறுத்தி வற்புறுத்தி எனக்கு நெய் ஊற்றினார். ஊரில் வயிறு சரியாக இரண்டு நாள் பிடித்தது. நாலரை பஸ்ஸுக்குச் சாரதா ஸ்டாண்டுவரை வந்தாள்.

எங்கள் ஊரில் கடற்காற்று உண்டு. அப்படி ஒரு நிழல் கிடையாது. பத்து மணிக்கே மணல் கொதிக்கிறது. திண்ணிய நிழலும் உதிரும் பூவும் வேண்டுகிறவர்கள் பங்குனி, சித்திரையில் புதுக்கோட்டையின் அந்த மேற்குப் பக்கத்துக்குப் போய் நாலு நாள் தங்கலாம் என்று தாராளமாகச் சொல்வேன்.

நான் வந்து சேருமுன்பே செய்தி எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. மளிகைக் கடை வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"மக வீட்டுல கை நனைச்சீங்களாமே! சொல்லவே இல்லையே. பேரனா, பேத்தியா?"

"ரெண்டும் இல்லை" என்றேன். "பசிச்சுது. சாப்பிட்டேன்."