பங்குச்சாமியாருக்கு லைசென்ஸ்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரை ஒருமுறையாவது திட்டியிருப்பார்கள். மீதிப் பேர் அவரிடம் டெஸ்டுக்குப் போகாதவர்கள், அவ்வளவுதான். லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் எடுக்கிற மனிதர். பட்டப்பெயர் சடன் பிரேக். டெஸ்ட் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை அவர் மிதிக்கும்படி ஆகிவிட்டால் கதை முடிந்தது. அழுதாலும் புரண்டாலும் ஃபெயில்தான்.

முன்பு பஸ் ஓட்டியவர். முதுகு மக்கர் பண்ணிய பிறகு ஆபீசுக்கு மாற்றினார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தூக்கத்துக்கும் குறைவில்லை. தூக்கம் கொஞ்சம் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கடைசி பெஞ்சில் அவருக்குக் கண் சொருகிவிடும். ஒருநாள் பங்குச்சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "பின்னால யாரோட வண்டியோ ஸ்டார்ட் ஆகாம உறுமிக்கிட்டு நிக்குது, கொஞ்சம் தள்ளிவிடுங்கப்பா" என்றார். கோயிலே சிரித்தது. பக்கத்தில் இருந்த மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த முள் உள்ளேயே தைத்துக் கிடந்தது.

அந்தச் சாமியாரே ஒருநாள் டெஸ்டுக்கு வரவேண்டியதாயிற்று. கோயில் டிரைவர் வேலையை விட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோக வழியில்லை. கார் கோயில் வாசலில் தூசி படிந்து நின்றது. நோயாளிகளைப் பார்க்கப் போகிற பெண்கள் சங்கத்துக்குத் தலைவி வேறு யாருமில்லை, நம் ஆளின் மனைவிதான். ஆபீசில் இருந்த இன்னொரு டெஸ்டர் இடுப்புப் பிடித்து விடுப்பில் கிடந்தார். ஆகவே இந்தத் தலைவலி இவர் தலையில் விழுந்தது.

காலையில் காபியை வைத்துவிட்டு மனைவி சொன்னாள்: "சாயங்காலம் ஃபாதரே காரை ஓட்டிக்கிட்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போறாரு. சொல்லி வச்சாச்சு. பாவம், மாசக்கணக்கா படுத்தபடியே வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறாங்க."

"டெஸ்டே இன்னும் நடக்கலடி."

"நடத்துறது நீங்கதானே?"

காபி கசந்தது.

சாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். நல்ல பருத்த உடம்பு. "இன்னைக்கு நீங்க ஃபாதர், நான் பாவி. பாத்துச் செய்யுங்க தம்பி" என்று சிரித்தார்.

"பெல்ட்டைப் போடுங்க ஃபாதர்."

மோசமில்லை. கண்ணாடி பார்த்தார், கை காட்டினார், பின்னால் எடுத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒழுங்காக நிறுத்தினார். சடன் பிரேக்குக்கே நெஞ்சு லேசாகிவிட்டது. அப்புறம் சலவைக்கடைப் பக்கத்து மேடு வந்தது. மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். சாமியார் ஹேண்ட் பிரேக்கை விட்டார். கிளட்ச் சேரவில்லை. கார் மெதுவாகப் பின்னால் இறங்கியது. பின்னால் ரொட்டிக்கூடை கட்டிய சைக்கிளோடு ஒருத்தன். இவர் கால் தானாக மிதித்துவிட்டது. இன்ஜின் குலுங்கி அணைந்தது.

"யோவ்! முன்னாடி போற வண்டியா, பின்னாடி போற வண்டியா அது?" என்று ரொட்டிக்காரன் கத்திக்கொண்டு வந்தான். உள்ளே அங்கியைப் பார்த்ததும், "ஐயோ ஃபாதர், நீங்க மெதுவாவே போங்க" என்று கும்பிட்டுவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

சாமியார் நெற்றியைத் துடைத்தார். "பாத்தீங்களா? நானா இருக்கவே டக்குன்னு நிறுத்திட்டேன்!"

யார் கால் நிறுத்தியது என்று ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எதிர்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, "எடுங்க ஃபாதர்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் உள்ளே இரண்டு கட்சி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாயங்காலம் டீச்சரம்மாவுக்கு நற்கருணை கிடைக்கும், வீட்டில் மரியாதை கிடைக்கும். யார் குடியும் கெடாது. ஆனால் நேற்று இதே மேட்டில் இதேபோலக் கால் பட்டதற்கு ஒரு கைக்குழந்தைக்காரியைத் திருப்பி அனுப்பியிருந்தார். சரி, ஃபெயில் என்று முடிவெடுக்கலாமா என்றால், உள்ளே எங்கேயோ ஒரு குஷி தலையை நீட்டியது. "குறட்டைன்னு சிரிச்சியே, இப்ப சிரி" என்கிற குஷி. அதைப் பார்த்ததும் அவருக்கே பயமாகிவிட்டது. நியாயம் பேசுகிறதா, பழைய முள் பேசுகிறதா?

ஆபீசுக்கு முந்தின வேப்பமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். நல்ல காரியம் நடக்கணும்னு ஒருத்தன் ஒரு சின்னப் பொய்க்குத் தலையாட்டலாமா?"

சாமியாருக்கு இது அல்வா மாதிரி. "எதுக்காகச் செய்யுறோம்ங்கறது மட்டும் போதாது தம்பி. செய்யுற காரியமும் நல்லதா இருக்கணும். பொய்யை நல்ல எண்ணத்துல முக்கி எடுத்தாலும் அது பொய்தான். சாயம் ஒட்டாது."

"சரி. நியாயத்தைத்தான் செய்யப்போறான். ஆனா அந்த ஆளு மேல ஒரு பழைய கோவம். செய்யும்போது உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. அப்ப?"

சாமியார் தாடையைத் தடவினார். "கோவம் இருக்குன்னு மொதல்ல ஒத்துக்கணும். கடவுள்கிட்ட ஒத்துக்கிட்டாப் போதும். அப்புறம், அந்த எடத்துல வேற யாரு இருந்தாலும் என்ன செய்வானோ அதையே செய்யணும். குளுகுளுப்புக்காகச் செய்யவும் வேண்டாம், குளுகுளுப்புக்குப் பயந்து விட்டுடவும் வேண்டாம். ஆனா முடிவு அவன்தான் எடுக்கணும். மனசாட்சியை இன்னொருத்தர் தோள்ல ஏத்திவிட முடியாது, நான் சாமியாரா இருந்தாலும் சரி. யாரு தம்பி அந்தப் பாவி?"

சடன் பிரேக் கண்ணை மூடினார். தூங்கவில்லை. பிறகு சொன்னார்: "நான்தான் ஃபாதர். நீங்க ஃபெயில்."

"என்னது?"

"மேட்டுல நிறுத்துனது உங்க கால் இல்ல. என் கால்."

சாமியார் முகம் சிவந்துவிட்டது. "ஒரு நிமிஷம் தம்பி. ஒரே ஒரு தடவை சறுக்குச்சு. அங்க ஒரு வயசான அம்மா படுத்துக்கெடக்கு. நான் என்ன ஊர் சுத்தவா லைசென்ஸ் கேக்குறேன்? இதெல்லாம் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர், தான் பேசுவது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கினார். "நல்லாத்தான் மாட்டிவிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தே போனார். சிரிக்கவில்லை. இவருக்குக் குளுகுளுப்பு வரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். "கடவுளையே ஃபெயில் பண்ணுவீங்களோ?" என்றாள் மனைவி.

"அவரு டெஸ்டுக்கு வந்தா பாப்போம்."

"டீச்சரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

சாமியாரை ஃபெயிலாக்கியது சரி. அதற்காக அந்த அம்மாள் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்? செருப்பை மாட்டிக்கொண்டு தன் கார் சாவியை எடுத்தார்.

சாமியார் வீட்டு வாசலில் ஹாரன் அடித்ததும் சாமியார் எட்டிப்பார்த்தார். முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

"என்ன தம்பி, மறுபடி ஃபெயிலா?"

"ஏறுங்க ஃபாதர். நீங்க லைசென்ஸ் வாங்குற வரைக்கும் சாயங்காலமெல்லாம் நான் ஓட்டுறேன்."

சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் நற்கருணைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில்தான் சிரிப்பு வந்தது. "என்னோட பிரசங்கத்தை நீங்க முழுசாக் கேட்டது இன்னைக்குத்தான். கேட்டதும் என் தலையிலேயே போட்டுட்டீங்க."

அதற்கப்புறம் சாயங்காலமெல்லாம் இவர்தான் ஓட்டினார், டீச்சரம்மா வீட்டுக்குள் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டும் வருவார். அடுத்த டெஸ்டை இடுப்பு சரியாகி வந்த மற்ற டெஸ்டர் எடுத்தார், சாமியார் பாஸ். இனி வேலையில்லை என்று நம் ஆள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மனைவிக்கு போன் வந்தது. டீச்சரம்மா.

"ஃபாதர் வந்து நற்கருணை குடுத்துட்டுப் போயிட்டாரு, சந்தோஷம். ஆனா உன் வீட்டுக்காரரு எங்க? தலமாட்டு லைட்டை மாத்தித் தரேன்னு சொன்னாரே, நான் இருட்டுலயா செபமாலை சொல்லட்டும்?"

"என்னமோ உங்களைத்தான் கேக்குறாங்க" என்று மனைவி போனை நீட்டினாள். அவர் அதற்குள் பல்பைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.