கித்தார் கழுத்தும் சந்தனப் பட்டையும்

என் தங்கை சசிகலாவின் புருஷன் கலைச்செல்வனை எனக்குப் பிடிக்காது. மறைத்துப் பேச எனக்கு வராது. பூலாம்பாடியில் எங்கள் தெருக்காரர்கள் மலேசியா போய் வந்தால் வீடு கட்டுவார்கள், காடு வாங்குவார்கள். இவன் ஒரு சிஎன்சி ரவுட்டரை வாங்கி மாட்டுக்கொட்டகையில் வைத்தான். கட்டில் அகலம்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், சுழலும் பிட் நகர்ந்து நகர்ந்து மரத்தைச் செதுக்கும். அதில் கித்தாருக்குக் கழுத்து செய்கிறானாம். முழுக் கித்தார்கூட இல்லை, வெறும் கழுத்து!

அதிலும் வேலை யார் செய்வது? மகோகனிக் கட்டையை அசையாமல் இறுக்குவது சசி. பிட் மாற்றி, அது மரத்தைத் தொடும் இடத்தைச் சரிபார்ப்பது சசி. தூசியை முறம் முறமாக அள்ளுவதும் அவள்தான். துரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுவார். தப்பு வந்தால் மட்டும், "அறிவிருக்காடி ஒனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்துவார்.

திருச்சியில் கித்தார் செய்து விற்கும் ஒருவர், விஜயதசமி அன்று வந்து மாதிரிக்கு ஒரு கழுத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் தொடர்ந்து வேலை. இல்லாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு இவன் மறுபடி மலேசியா. அவன் போகக்கூடாது என்று சசி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். எனக்கோ, தொலையட்டும் சனியன் என்றுதான் இருந்தது.

ஆயுதபூஜை அன்று சசி வீட்டுக்குத் தூரம். கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டு, இவனே மெஷினுக்குப் பூஜை போட்டான். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டினான். சசிக்குச் சோறு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பாதி செதுக்கும்போது கொட்டகைக்குள் கடகடவென்று சத்தம். பிட் இடம் தவறி, கழுத்தின் அடிப்பாகத்தைக் குடைந்துவிட்டது.

வெளியே வந்தவன் சசி மீது பாய்ந்தான். "தீட்டோட வாசல்ல வந்து நின்னியாடி? ஒன்னாலதான் எல்லாம் நாசமாப் போச்சு!"

சசி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். பிட்டை நகர்த்தும் நீளமான திருகுக் கம்பி முழுக்க, பட்டை பட்டையாக விரல் கனத்துக்குச் சந்தனம். காய்ந்து சிமெண்டாகிக் கிடந்தது.

"இதப் பூசுனது யாரு? அவளா?"

"பூஜையில வச்ச சந்தனத்த எப்படிங்க தொடைக்கிறது? அபசகுனமாயிடாது?" என்றான்.

"ஆகா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். மெஷின் வாயில சந்தனத்தை அப்பிட்டு, எந்தங்கச்சி மேல பழியா?"

சசி நைட்டி மேல் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"ஏய், உள்ள போகாதடி!"

அவள் திரும்பியே பார்க்கவில்லை. பழைய பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஈரத்துணியால் கம்பியைத் துடைத்து எண்ணெய் விட்டாள். மிச்சமிருந்த கட்டையை இறுக்கினாள். பட்டனையும் அவளே தட்டினாள். இவன் வெளியே நின்றுகொண்டு, இந்தக் குடும்பம் விளங்காது என்று சாபம் விட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் திருச்சிக்காரர் வந்தார். கழுத்தின் முதுகை உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். "சுத்தமா இருக்குங்க. தொடர்ந்து குடுங்க" என்றார்.

சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான் நம் ஆள். "நம்ம கை வேலைதான் சார்."

வெட்கங்கெட்டவன்! என் கை செருப்பைத் தேடியது.

அதற்குள் சசி பேசிவிட்டாள். "அது நான் ஓட்டுனதுங்க சார். என் நம்பரக் குறிச்சுக்கங்க."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மெஷின் இங்கயே இருக்கட்டும். நீங்க மலேசியாவுக்குக் கெளம்புங்க."