கேட்டைத் தாண்டிய பெஞ்சு

போன வாரம் ஈப்போ பழைய டவுனில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா செய்த பெஞ்சை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பழைய சாமான்களைத் தேடிப் பிடித்துக் கடையை அலங்கரிக்கிறவன். "அக்கா, இத எனக்குக் குடுத்துடுங்க லா. முன்விளிம்புல இருக்கிற இந்த ஏழு வெட்டுக்காயத்தையும் அடைச்சு, தேய்ச்சு, வார்னிஷ் போட்டா பளபளன்னு ஆயிரும்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தவனாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அப்பா தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சராக இருந்தார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவு, சன்னல், பள்ளிக்கூடத்து மேசை, இறந்தவர்களுக்குப் பெட்டி, எல்லாம் அவர் கைதான். மரத்தை அறுத்தே பிழைத்த மனுஷன், உயிரோடு நிற்கிற மரத்தில் துணிக்கொடி கட்டக்கூட ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். பட்டறைச் சன்னலில் ஒரு முறை தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கும்வரை அந்தச் சன்னலைத் திறக்காமல் அரை இருட்டில் இழைப்புளி தள்ளினார். அம்மா அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டினார். அவர் பால் வாளிகளோடு வரும் நேரம் பார்த்து அப்பா வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் போய் ஒரு வாளியை வாங்கிக்கொள்வார். மற்ற ஆண்கள் கேலி செய்வார்கள். "என் பொண்டாட்டி வாளிய நான் தூக்காம, ஒன் பொண்டாட்டி வாளியையா தூக்குவேன்?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைப்பார்.

ஒரு நாள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடுகள் கட்டப் போகிறார்களாம். முதலில் மரங்களைச் சாய்த்தார்கள். லயத்தைக் காலி செய்ய எங்களுக்குச் சில மாதம் தவணை கொடுத்தார்கள். அம்மாவுக்கென்று ஒதுக்கிய மரவரிசையான நிரையும் பக்கத்து நிரைகளும் பாதையோரம் ஒரே குவியலாகக் கிடந்தன. அப்பா அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து, கத்தித் தழும்புள்ள ஒரு மரமாகப் பார்த்துப் பலகை அறுத்துக்கொண்டு வந்தார். ரப்பர் மரம் அடுப்புக்குத்தான் ஆகும், ஆறு மாதத்தில் பூச்சி அரித்துவிடும் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. பலகையை ஆற்று நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டார், நிழலில் காய வைத்தார், அம்மாவுக்குத் தெரியாமல் பட்டறையில் ஒளித்துவைத்து இந்தப் பெஞ்சைச் செய்தார். அம்மா அத்தனை வருஷம் நின்றே வேலை செய்தவர், இனிமேல் தன் மரத்தின்மேல் உட்காரட்டும் என்பது அவர் எண்ணம்.

வீட்டைக் காலி செய்த அன்று எங்கள் லோரியைத் தோட்டத்துக் கேட்டில், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி நிறுத்தினார். பெஞ்சை மூடியிருந்த சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது கம்பெனி மரம். எறக்கு" என்றார். அதே கிராணியின் மகளுக்குத் தொட்டில் செய்து கொடுத்தவர் அப்பா. அவர் அதை இறக்கவில்லை. பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மரம் கம்பெனியோடதுதான், நான் இல்லேங்கல. ஆனா அதுல இருக்கிற ஏழு வெட்டும் என் பொண்டாட்டி கையி. அத மட்டும் எனக்குப் பிரிச்சுக் குடுத்துருங்க, மரத்த இங்கேயே வெச்சிட்டுப் போறேன். எப்படிப் பிரிக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க லா, கிராணியாரே."

பின்னால் காத்திருந்த லோரிகளில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. கிராணி கேட்டைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பாவைப் பார்த்து அதற்கு முன் அப்படி ஒரு கர்வம் எனக்கு வந்ததில்லை.

கேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் அம்மா பெஞ்சின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் வெட்டு இல்ல" என்றார். அப்பா திகைத்துப்போனார். "கத்தி ஆழமா எறங்குனாத்தான் மரத்துல காயம் விழும். நான் ஒரு நாளும் மரத்தக் காயப்படுத்துனதில்ல. இது பக்கத்து நிரைக்காரி வெட்டு. அவ கை அவசரக் கை."

பக்கத்து நிரைக்காரி என்றால் நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர். மரத்தைக் காயப்படுத்தியதற்காகக் கங்காணியிடம் அவர் திட்டு வாங்கிய ஒரு நாள் அம்மா சிரித்துவிட்டார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அப்ப ஒன் மரத்த எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் அப்பா, பரிதாபமாக.

"காயமே இல்லாம இருக்கும்."

"அத வெச்சு கிராணிகிட்ட என்னத்தக் காட்டுறது?"

இருபது வருஷம் ஒரு மரத்தையும் காயப்படுத்தாமல் பால் எடுத்த அம்மாவுக்கு, அந்தத் தோட்டத்தில் காட்டிக்கொள்ள ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை. அப்பா தலையைச் சொறிந்துவிட்டு, "எவ வெட்டா இருந்தா என்ன, கம்பெனி வெட்டு இல்லையே" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈப்போ வரும்வரை இரண்டு பேரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்து வந்தார்கள்.

அப்பா இறந்தபோது, தோட்டம் போனபின் பீடோரில் குடியேறிய அத்தை வந்தார். அழுது முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்தவரின் விரல் தானாகவே விளிம்புக்குப் போனது. "ஒன் வேலதான்டி" என்றார் அம்மா. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. பெஞ்சைப் பூச்சி இன்றுவரை தொடவில்லை.

காப்பிக்கடைத் தம்பி கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். "என்னைய ஏன் கேக்குற? வெட்டுனவளக் கேளு" என்றார். பீடோருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்னே அத்தை கத்தினார்: "என் வெட்ட அடைக்க அவன் யாரு? இரு, பஸ் ஏறி வாரேன்."

நேற்று அந்தத் தம்பி பதில் கேட்க வந்தான். பெஞ்சில் அம்மா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து போட்டேன்.