வேம்புக்குப் பின்னால் ஓர் அம்மா

இது நடந்து இருபது வருடம் இருக்கும். அப்போது நான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெயில் காலம் முழுக்க விடியும்போதே வேன் வந்துவிடும். வீடு திரும்ப இருட்டிவிடும். மழை பெய்தால் மருந்து காயாது. வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நாட்களில் மழையைத் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்குவேன்.

புரட்டாசியில் அப்படியொரு நாள், தூறல் விட்டதும் வெளியே வந்தேன். எதிர்ப் பொட்டலில் தெருப் பிள்ளைகள் ஈரமண்ணில் சோறு பொங்கி, அம்மா அப்பா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் ஐந்து வயது மகள் மாரி மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏலே, எம்பிள்ளைய மட்டும் ஏம்லே சேத்துக்கிடலே?” என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமி விழித்தாள். “சேத்திருக்கோம் அத்தை. அவதான் அம்மா.”

மாரியிடம் போனேன். “பெறகு ஏன்டி இங்கன தனியா உக்காந்திருக்கே?”

“நான் கம்பெனிக்குப் போயிருக்கேம்மா,” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “இருட்டவும் வருவேன்.”

அதன்பிறகு மழை நாட்களில் நான் தூங்கவில்லை. பொட்டலுக்குப் போனேன். மாரி அம்மா, நான் அவள் பிள்ளை. சிரட்டையில் மண்சோறு ஊட்டுவாள். “வேன் வந்திருச்சு, அழாம இரு” என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்விடுவாள்.

பத்தடி தூரம்தான். ஆனாலும் அவள் திரும்பி வரும்வரை அந்த மரத்தைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடிந்ததில்லை. நான் கம்பெனிக்குப் போன அத்தனை நாளும் அவள் எதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் என்று அங்கே உட்கார்ந்துதான் முதன்முதலாக யோசித்தேன்.