பேய் வராத பேய்க்கதை

ஒரு படத்தைப் பார்க்கும் முன்பே, அதைப் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துவிடுவது என் பழக்கம். ஓர் இங்கிலாந்துப் பேய்த் தொடரைப் பற்றியும் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தேன். மூன்றே பாகம். கடலோரத்தில் ஒரு பழைய வீடு, அதில் தனியாக ஒரு பெண், மாடியில் ஒரு பூட்டிய அறை. பார்த்தவர்களில் பாதிப் பேர் கொதித்துப் போயிருந்தார்கள். ஒருவர் நடுவில் தூங்கி எழுந்தாராம். அந்தப் பெண் அதே படியில்தான் நின்றுகொண்டிருந்தாளாம். இன்னொருவருக்கு வேறு கோபம்: கதவுக்கு உள்ளிருந்து பத்து நிமிடம் மணிச் சத்தம் மட்டும் கேட்கிறது, இதற்கா சந்தா கட்டுகிறோம்?

அக்கா வீட்டிலும் ஒரு பூட்டிய அறை இருந்தது.

அத்தான் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அவிட்டத்தில் உயிர் போனால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் பிரிந்த அறையைப் பூட்டி, அந்திக்கு அந்தி கதவுக்கு முன்னால் விளக்கு வைத்து, தவணை முடிந்ததும் புரோகிதரை அழைத்துத் திறக்க வேண்டும். அதுவரை பூட்டில் யார் கையும் படக்கூடாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து நட்சத்திரம் சொன்ன பதற்றத்தில் உடலை எடுத்த கையோடு அறையைப் பூட்டிவிட்டார்கள். அத்தானின் போன் தலையணைக்கு அடியில் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அத்தானுக்கு வத்தல் வியாபாரம். பரளச்சிப் பக்கம் மிளகாய் வத்தல் பிடித்து லோடு அனுப்புவார். சேதி தெரியாதவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பூட்டிய அறைக்குள் போன் அடித்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொரு முறையும் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். திறந்து எடுத்துவிடலாமே என்றேன்.

"மாப்ள, படிச்ச பேச்செல்லாம் ஒம்ம வீட்ல வச்சுக்கிரும்" என்றார் அத்தானின் அண்ணன். "சார்ஜ் தீந்தா தானா நிக்கும்."

இரண்டு நாள் அடித்துவிட்டு நின்றது.

ஆறு மாதம் முடிந்தது, ஏழும் போனது. அக்கா திறக்கவில்லை. அமாவாசை கழியட்டும் என்றாள், ஒரு மழை விழட்டும் என்றாள். சென்னையில் இருக்கும் அவள் மகள் எனக்குப் போன் போட்டாள். "அந்தக் கதவுக்கு முன்னாலயே பாயப் போட்டுப் படுக்குறாங்க மாமா. சரியாச் சாப்பிடறதும் இல்லையாம். நீங்க போய்த் தொறக்க வைங்க."

அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை வந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவியைப் போட்டு அந்தத் தொடரைத் தேடினேன். வெளியே வெயில் தெருவைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துக்கொண்டிருந்தது. பேயைப் பார்க்கத் தோதான நேரமே இல்லை. அக்கா சுளகில் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு எதையும் அதன் வேகத்தில் பார்க்கப் பொறுமை கிடையாது. ஒன்றரை மடங்கில் ஓடவிட்டேன்.

"ஏலே, அந்தப் புள்ள ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

"அவ ஓடலக்கா. நான்தான் ஓட்டுறேன்."

"அவ நடையில நடக்கட்டும், விடு."

விட்டேன். அந்தப் பெண் நடந்தாள். சன்னலில் மூடுபனி. படியில் கை. ஒரு கோப்பைத் தேநீர் ஆறிப்போவதை முழுவதாகக் காட்டினார்கள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள அங்கே பேச்சே இல்லை. அவள் முழுதாகப் புரிந்து பார்த்த முதல் வெளிநாட்டுக் கதை அதுதான்.

இரண்டாம் பாகத்தின்போது எதிர்வீட்டு மதினி உறைமோர் கேட்டு வந்தாள்.

"என்ன படம்?"

"பேய்ப் படம்" என்றேன்.

"பேயி எங்கிட்டு?"

"இன்னும் வரல."

"எப்ப வரும்?"

"தெரியல மதினி."

"பாலவனத்தம் பஸ்ஸே தேவலயே, எப்பவாச்சும் வந்துரும்" என்றவள் உறைமோர்த் தம்ளரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடிக்கும் காட்சி வந்தது. கதவு, சத்தம், கதவுக்கு இந்தப் பக்கம் அவள். இருப்புக்கொள்ளாமல் போனை எடுத்து, பார்த்தவர்கள் சொன்னதைத் தமிழில் வாசித்தேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"எம்புட்டு நேரமாம்?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிசந்தானா?" என்றாள்.

பாகம் முடிந்து மதினி போன பிறகு, உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தபடி அக்கா பேசினாள். "ரெண்டாம் நாளு காலைலயே சேதி எல்லாத்துக்கும் போயிருச்சுலே. யாரும் கூப்புடல. அப்பறம் அடிச்சது நாந்தான்."

டிவியை நிறுத்தினேன்.

"கொல்லப்பக்கம் போயி நின்னுக்கிட்டு எம்போன்லருந்து அடிச்சேன். உள்ள கேக்கும். கட் பண்ணுவேன், மறுபடி அடிப்பேன். சாயங்காலம் வரைக்கும். சும்மா இருந்திருந்தா இன்னும் ஒரு நாளாச்சும் உசுரோட இருந்திருக்கும். நான் அடிச்சு அடிச்சே தீத்துப்புட்டேன். இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டுத் தொறக்க?"



"சார்ஜ் போட்டா வந்துரும்க்கா" என்றேன்.

"போனு வரும்" என்றாள்.

ஞாயிறு மதியம் மூன்றாம் பாகம். மதினி வேலையை முடித்துவிட்டுச் சொல்லாமலே வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் கடைசியில் கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தரை, ஒரு சன்னல், அதற்கு வெளியே கடல். அதோடு முடித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் அதிகம் வைதது இதற்குத்தான்.

"இதுக்கா மூணு நாளு ஒக்கார வச்சாக!" என்றாள் மதினி. இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அவ மொகத்தப் பாத்தீகளா?" என்றாள் அக்கா. "பேயி இருக்குமோன்னு பயப்படல மதினி அவ. இல்லாமப் போயிருமோன்னுதான் பயந்தா. அதேன் இம்புட்டு நாளு ஆச்சு."

அத்தனை பேர் எழுதியதில் இதை யாரும் எழுதியிருக்கவில்லை.

எழுந்து போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டு இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினாள்.

கதவு திறந்ததும் காரம் வந்து அறைந்தது. கட்டிலடியில் சாம்பிள் வத்தல் பை ஒன்று அத்தனை மாதமும் கிடந்திருக்கிறது. மூன்று பேருக்கும் தும்மல். மதினி கண்ணில் நீர் வழியச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தும்மிக்கொண்டே உள்ளே போய்ச் சன்னலைத் தள்ளித் திறந்து, தலையணையைத் தூக்கி, போனை முந்தானையால் துடைத்தாள். உற்றுப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து படுத்தாள்.

"பெரியவுகளுக்குத் தெரிஞ்சா ஊரக் கூட்டிருவாக. ஐயரும் இல்ல, நாளும் பாக்கல" என்று கிசுகிசுத்தாள் மதினி. "ஐயர் வாரன்னைக்கு மறுபடி பூட்டி வச்சுருவோம் தம்பி. அவுக வந்து தொறந்துக்கிரட்டும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, பாதித் தூக்கத்தில்.

"பூட்டெல்லாம் வேணாம். சும்மா சாத்தி வைப்போம்."