வேண்டாம் என்று சொல்லச் சொன்னவர்

நாலாவதோடு படிப்பை விட்டவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்த லேத் பட்டறை வைத்து, ஒரு ரூபாய் கடன் இல்லாமல் வீடு கட்டினேன். வாசலுக்கு வந்த எவரையும் முகத்தை முறித்து அனுப்பியதில்லை.

அப்படி என் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு வீட்டுக்கடன் ஏஜென்ட். மில் வேலை போனபின் நடுவயதில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர். வெயிலில் கறுத்த முகம். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில்தான் உட்காருவார். கடன் வாங்கி மாடி எடுக்கச் சொல்வார். "பாக்கலாங்க" என்பேன். காபி குடித்துவிட்டுப் போய், அடுத்த வாரம் மறுபடி வருவார்.

ஒருநாள் அவர் காபியைத் தொடவில்லை.

"ஏனுங்க, கடன் வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

"அதான் பாக்கலாமுன்னு சொன்னனுங்களே."

"எல்லா ஊட்டுலயும் அதயேதானுங்க சொல்றாங்க. இந்த மாசம் ஒரு ஆளாச்சும் கெடைக்கலீன்னா இந்த வேலையும் போயிருமுங்க. வேண்டாமுன்னா சொல்லிப்போடுங்க, நான் வேற ஊடு பாக்கறேன்."

கடைசியில், "வேண்டாமுங்க" என்றேன்.

ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியை மெதுவாகக் குடித்தார்.

என் கையால் உதவி வாங்கிப்போனவர்கள் ஏராளம். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அவர்களில் யாரிடமும் நான் பார்த்ததில்லை.