மாதா படத்துக்குப் பின்னால் கட்டி வைத்த பீக்கன்

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்த ஒரு நாளை இந்த ஜெபக்கூட்டத்தில் சாட்சியாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன தை மாதம், வளைகுடாவில் நாங்கள் வேலை பார்க்கும் ராஸ் அல் கைமாவிலிருந்து மீன்பிடிக்கப் போயிருந்தோம். சின்ன லாஞ்ச், எஞ்சின் படகு. அதை ஓட்டும் என் அக்காள் புருஷனும் நானும்தான். மத்தியானம் ஷமால் என்கிற வாடைப் புயல்காற்று பிடித்தது. அலை ஏறி எஞ்சின் நின்றது. வயர்லெஸ்ஸும் செத்தது. ஐஸ் பெட்டி சரிந்து அத்தானின் காலை நொறுக்கியது. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

மிச்சமிருந்தது பீக்கன் ஒன்றுதான். நாம் இருக்கும் இடத்தைக் கடற்காவல் படைக்குச் சொல்லும் கருவி. வெளியே அதன் தாங்கியில் இருந்திருந்தால், லாஞ்ச் மூழ்கும்போது தானே மிதந்து வேலை செய்திருக்கும். ஆனால் முன்பு ஒருநாள் தளம் கழுவக் கழற்றி வைத்தபோது, தண்ணீர் பட்டு சிக்னல் போய், காவல் படை துறைமுகத்துக்கே வந்துவிட்டது. முதலாளி அர்பாப் காட்டுக்கத்தல் கத்தினார். பயந்துபோன அத்தான் அதைப் பாலித்தீனில் சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டி, கேபினில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்தார். "இனி மாதா பாத்துக்கிடுவா" என்றார். கடற்கரைக்காரர்கள் நாங்கள், முக்கியமான எதையும் அங்கேதான் வைப்போம்.

இடுப்பளவு தண்ணீரில் போய் எடுத்து வந்தேன். நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது. கத்தியைக் காணோம். விரல் மரத்துவிட்டது. பல்லால் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம்.

"விடுல மக்கா. ஒங்கக்காட்ட சொல்லிரு..."

"நீங்களே வந்து சொல்லுங்க அத்தான்!"

ஆண்டவரே, என் அக்காவை விதவையாக்காதேயும் என்று அழுதேன். நூல் அறுந்தது. சுவிட்சைத் தள்ளினேன், விளக்கு மின்னியது. அவ்வளவுதான். யாராவது கேட்டார்களா என்று அது சொல்லாது.

லாஞ்ச் மூழ்கியது. ஐஸ் பெட்டி மூடியில் அத்தானைப் போட்டுப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஜெபமாலையைத் தொடங்கிப் பாதியில் விட்டேன். மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை என்று ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு திட்டவும் தெம்பில்லை. சாவுக்குக் காத்திருந்தேன்.

வெயில் சாயும் முன் ஹெலிகாப்டர் வந்தது.

அத்தான் இன்று கோல் ஊன்றி நடக்கிறார். இனி கடலுக்குப் போக முடியாது. ஆனால் அக்காவின் பக்கத்தில் இருக்கிறார், ஆண்டவருக்கு நன்றி. நான் இப்போது போகும் லாஞ்சில் பீக்கன் வெளியே, அதன் தாங்கியில் இருக்கிறது. மாதம்தோறும் டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்திப் பார்ப்பேன். மாதாவிடம் ஜெபம் சொல்கிறேன், சாமான் காக்கச் சொல்வதில்லை.

சிக்னல் கிடைத்ததும் காவல் படை அர்பாபுக்குப் போன் செய்து, "இதுவும் போன தடவை மாதிரி தவறுதலாக வந்த சிக்னலா?" என்று கேட்டதாம். "இல்லை, என் ஆட்கள் கடலில் இருக்கிறார்கள், ஓடுங்கள்" என்றாராம் அந்த மனுஷன். இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பதில் வரவில்லையே என்று ஜெபத்தைப் பாதியில் விட்டவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். விடாதீர்கள். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஹெலிகாப்டர் கிளம்பி வந்துகொண்டிருந்தது.